சின்னவனுக்காக ஒரு பந்தாட்டம்

சின்னவன் நினைவுக் காற்பந்துப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை சாயங்காலம், நானும் அக்கா கணவர் அத்தானும் இன்னும் ஏழெட்டுப் பேரும் மண்வெட்டியும் சாக்குமாகத் தோட்டத்துத் திடலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தோம். லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இப்போது ஆள் குறைவு, மாடு அதிகம். மாட்டுக்காரர் ஓரமாக மோட்டாரை நிறுத்திவிட்டு, "ஞாயித்துக்கிழமை கட்டிப் போட்டுடறேன்யா, கவலப்படாதீங்க" என்றார். கட்டிப் போடவில்லை, அது அப்புறம். கோல் கம்பத்துப் பக்கம் வந்ததும் அத்தான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். பெனால்டி கட்டத்துக்குச் சற்று வெளியே, வலது பக்கம். அந்த இடம் அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அங்கே கிடந்த சாணியையும் அள்ளிச் சாக்கில் போட்டுவிட்டு அடுத்த பக்கம் நகர்ந்தார்.

சின்னவன் என் அக்கா மகன். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது, வீட்டில் அவன் சின்னவன், அவனுடைய அக்கா பெரியவள். இறந்துபோனபோது அவனுக்கு வயது 19. ஒரு டயர் கடையில் வேலை, சாயங்காலம் ஆறு மணிக்குத் திடல். அவ்வளவுதான் அவன் வாழ்க்கை என்று சொன்னால் அக்கா கோபித்துக்கொள்வாள், ஆனால் அவ்வளவுதான், அதிலேயே அவன் நிறைவாக இருந்தான்.

எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட். அந்தப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, 1948 ஜூன் 16இல் இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டு நாடு அவசரகாலத்துக்குள் போனது. இன்னொன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், எங்கள் தொகுதிக்காரர். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்துத் தொழிலாளர்களிடமே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கியவர். என் தாத்தா அந்தப் பங்குப் பத்திரத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். ரப்பர் பால் வெட்டி வந்த கூலியில் மிச்சம் பிடித்த காசு. ஆகவே சில்லறை சேர்த்து ஒரு காரியம் செய்வது இந்த ஊருக்குப் புதிதில்லை. இதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம், நாங்கள் பணம் சேர்க்க ஆரம்பித்தபோது "தோட்டத்து ஆளுங்ககிட்ட என்னாத்த சேர்க்கப் போறீங்க" என்று கேட்டவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான்.

அப்பா காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு கள்ளுக்கடை, ஒரு திடல். தோட்டத்துக்குத் தோட்டம் காற்பந்துக் குழு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆட்கள் தாமானுக்கு, அதாவது ஊர்ப்பக்கத்து வீடமைப்புப் பகுதிக்கு, போனார்கள், கள்ளுக்கடை இடிந்தது. திடல் மட்டும் எப்படியோ மிஞ்சியது, தாமான் பையன்கள் மோட்டாரில் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். அப்பாவுக்குக் கோல்கீப்பர் என்றால் ஆர். ஆறுமுகம் ஒருவர்தான். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்ட ஆள், 1988இல் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் எங்கள் ஊரில் கை நீளமான கீப்பர் எவன் வந்தாலும் பெரியவர்கள் அவனை ஆறுமுகம் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னவனின் உயிர் நண்பன் அப்படி ஓர் ஆறுமுகம். சின்னவன் விழுந்த அன்றைக்குக் கோல் கம்பத்தில் நின்றவன் அவன்தான், அதனால் முதலில் பார்த்ததும் அவன்தான்.

பந்து எதிர்ப்பக்கம் இருந்ததாம். யாரும் இடிக்கவில்லை, தடுக்கவில்லை. சின்னவன் மெதுவாகத் திரும்பி ஓடி வந்துகொண்டிருந்தவன் கையைக்கூட ஊன்றாமல் குப்புற விழுந்தான். புரட்டிப் போட்டால் கண் திறந்திருக்கிறது, கை கால் வெட்டி இழுக்கிறது, தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி விட்டு விட்டு ஒரு சத்தம். யாரோ "வலிப்புடா" என்றார்கள். வலிப்பு என்றால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும், நம் எல்லாருக்கும் பாட்டி சொல்லிக் கொடுத்த வைத்தியம் அது. ஆறுமுகம் ஓடிப் போய்த் தன் மோட்டார் சாவியை எடுத்து வந்து சின்னவன் கையில் வைத்து விரல்களை மூடினான். ஒருவன் ஐஸ் தண்ணீரை முகத்தில் ஊற்றினான். ஒருவன் அவசர எண் 999க்குப் போன் போட்டான். மற்றவர்கள் சுற்றி நின்று துண்டால் விசிறினார்கள். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

ஆம்புலன்ஸ் வர 20 நிமிடம் போல ஆனது. செம்மண் பாதை, தோட்டத்து கேட், அதற்கு அது தாமதமே இல்லை, யார் மேலும் எனக்குக் குறை இல்லை.

பிறகு டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். இதயத் தசை தடித்துப்போகும் நோய், பிறவியிலேயே வருவது, 500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம். பலருக்கு ஒன்றுமே தெரியாது, ஓடுவார்கள், ஆடுவார்கள், கிழவர்களாகிச் சாவார்கள். சிலருக்கு மட்டும் ஒருநாள் இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, அது துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும். ரத்தம் போகாது. அந்தக் குறட்டைச் சத்தம் மூச்சே இல்லை, நின்றுபோன உடம்பின் கடைசி இழுப்பு. கை கால் வெட்டியதும் வலிப்பு இல்லை, மூளைக்கு ரத்தம் போகாததால் வந்தது. அந்த நேரத்தில் நெஞ்சின் நடுவில் அமுக்கிக்கொண்டே இருந்து, மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியை வைத்தால் இதயம் திரும்பவும் ஒழுங்குக்கு வர வாய்ப்பு உண்டு. ஒன்றும் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அந்த வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும். 20 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, ஆனால் கணக்கு தானாகவே போட்டுக்கொண்டது.

2021 ஜூனில் ஊரடங்கு. அப்போது அக்கா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். 12ஆம் தேதி நடுராத்திரி நானும் சின்னவனும் டென்மார்க் பின்லாந்து ஆட்டத்தை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் டென்மார்க் ஆட்டக்காரர் எரிக்சன் விழுந்தார். சின்னவன் மேகி கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றுவிட்டான். டென்மார்க் ஆட்டக்காரர்கள் சுற்றி வட்டமாக நின்று, கேமராவுக்கு முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டார்கள், உள்ளே நெஞ்சை அமுக்கினார்கள், அந்தப் புல்லிலேயே கருவியை வைத்து மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். மனிதர் பிழைத்தார். அடுத்த வருடமே நெஞ்சுக்குள் ஒரு கருவியோடு இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டு குழுவுக்கு ஆட வந்துவிட்டார். 2003இல் லியோனில் ஆட்டத்தின் நடுவே விழுந்த கேமரூன்காரர் மார்க் விவியன் ஃபோவுக்கு வயது 28, பரிசோதனையில் சின்னவனுக்கு இருந்த அதே தசைத் தடிப்புதான், அவர் எழவில்லை. இதெல்லாம் சின்னவன் போன பிறகு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நான் தேடிப் படித்தது. என்னை விடாமல் அரித்தது அந்த வட்டம்தான். அங்கேயும் பையன்கள் வட்டமாக நின்றார்கள், இங்கேயும் நின்றார்கள். அங்கே வட்டத்துக்குள் ஒருவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். "குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு விழுந்து இறந்திருக்காங்களா?" அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் தாய்மாமன் ஒருவர், முப்பது வயசைத் தொடவில்லை, விடியற்காலையில் பால் மரம் வெட்டப் போனவர் மரத்தடியிலேயே கிடந்தார், பால் பிடிக்கும் மங்கு கவிழ்ந்து பால் சட்டையெல்லாம் உறைந்திருந்ததாம். முனி அடித்துவிட்டது என்று முடிவு கட்டி, அந்த நிரையின் ஓரத்தில் முனீஸ்வரருக்குச் சூலம் நட்டார்கள். வருடா வருடம் சேவல் அறுத்தோம், சுருட்டு வைத்தோம். சின்னவனும் அந்தப் பூசைக்கு வந்திருக்கிறான். நான் சாமியைக் குறை சொல்லவில்லை, இப்போதும் கும்பிடுகிறேன். ஆனால் ஒரு கதை கையில் கிடைத்துவிட்டதால் அதற்கு மேல் யாரும் எதையும் கேட்காமல் போனோம்.

வீட்டில் எல்லாருக்கும் இதய ஸ்கேன் எடுத்தார்கள். இந்த நோய் பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி, ஆட்டத்துக்கு முன்னால் பூவா தலையா போடுவது மாதிரி. அத்தானுக்கு இல்லை. பெரியவளுக்கு இல்லை. எனக்கு இல்லை. அக்காவுக்கு இருந்தது.

அன்றைக்குக் காரில் வீட்டுக்கு வரும்வரை அக்கா ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "எனக்கு ஏண்டா ஒண்ணும் ஆவல?" என்று கேட்டாள். நான் காரைப் பூட்டுவது போலப் பாவனை செய்துகொண்டு நின்றேன்.

நினைவாக ஒரு போட்டி வைக்கலாம் என்று ஆரம்பித்தவர்கள் சின்னவனின் நண்பர்கள். எழுவர் காற்பந்து, சுழற்கிண்ணம், அவன் படம் போட்ட பெரிய பேனர். எங்கள் ஊர் வழக்கப்படி ஓராண்டு நினைவஞ்சலி என்றால் பத்திரிகையில் படம் போடுவோம், இல்லாவிட்டால் கோயிலில் அன்னதானம். இவர்களுக்குத் தெரிந்தது பந்து. சரி என்றேன். ஆனால் வசூலாகும் பணம் என்ன ஆவது என்ற இடத்தில் நான் பிடிவாதமாக நின்றேன்: மின் அதிர்ச்சிக் கருவி ஒன்று, திடலுக்குப் பக்கத்திலேயே. அப்புறம், ஒவ்வொரு குழுவும் இரண்டு பேரைச் சனிக்கிழமை மூன்று மணி நேரம் நெஞ்சமுக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், அனுப்பாத குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. இதற்கு ஒரு குழுவினர் "நாங்க பந்து ஆட வர்றோமா, டாக்டருக்குப் படிக்க வர்றோமா" என்று கேட்டுவிட்டு விலகிக்கொண்டார்கள். 17 பதிவாகி 16 ஆனது. அட்டவணை போட வசதியாகவும் போனது.

ஒரு பெரிய மனிதர் தானே வந்து பந்தை உதைத்துத் தொடக்கி வைத்து, ஆளுயர மாதிரிக் காசோலை கொடுப்பதாகச் சொல்லியனுப்பினார். அசல் காசோலை எப்போது வரும் என்று கேட்டோம், அதற்குப் பிறகு பேச்சைக் காணோம். பேனர் விஷயத்தை அக்கா ஒரே வார்த்தையில் முடித்தாள். "அவன் மொகத்த வெயில்லயும் மழையிலயும் தொங்கவிடாதீங்க. முடிஞ்சதும் யாராச்சும் உருவிட்டுப் போயி கோழிக்கூண்டுக்குக் கூரை போடுவாங்க." உண்மைதான். தேர்தல் முடிந்தால் எங்கள் ஊர்க் கோழிகள் எல்லாக் கட்சித் தலைவர்களின் நிழலிலும் தூங்கும்.

பயிற்சி கொடுத்தது எங்கள் ஊர்ப் பெண், தாதியாக வேலை செய்கிறார். நான்கு பொம்மைகளை இரவல் வாங்கிக் காரில் அடைத்துக்கொண்டு வந்தார். தட்டிக் கூப்பிடு, அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் ஒருவன் 999, ஒருவன் கருவி, ஒருவன் நெஞ்சு. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து 5 செண்டிமீட்டர் இறங்குகிற மாதிரி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. "எலும்பு ஒடஞ்சா?" என்று ஒரு பையன் கேட்டான். "ஒடஞ்ச எலும்பு ஒட்டும்யா, நின்ன இதயத்தப் பத்தி யோசி" என்றார். வேகம்தான் யாருக்கும் பிடிபடவில்லை, ஒருவன் ஆமை, ஒருவன் குரங்கு. கடைசியில் உறுமி மேளக் குழுவில் இருக்கும் இரண்டு பையன்கள் தவில் குச்சியால் ஐஸ் பெட்டி மேல் ஓர் அடி அடித்துக் காட்டினார்கள். சாமி ஊர்வலம் கிளம்பி நடக்கும்போது அடிப்பது. தாதி போனில் எண்ணிப் பார்த்தார், 112. அப்புறம் மத்தியானம் முழுக்க அந்த ஐஸ் பெட்டி அடிக்குத்தான் எல்லாரும் அமுக்கினார்கள். ஒரு பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கு சாமி வந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆறுமுகத்தின் முறை வந்தது. கையை நேராக நீட்டி, தோள் பலத்தில், ஒரு பிசகில்லாமல் அமுக்கினான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும், களைத்தால் ஆழம் குறைந்துவிடும். "போதும் தம்பி, மாத்துங்க" என்றார் தாதி. அவன் மாற்றவில்லை. ஐஸ் பெட்டி அடித்தவனும் நிறுத்திவிட்டான், இவன் நிறுத்தவில்லை. பொம்மைக்குள்ளே இருக்கும் ஸ்பிரிங் 'டக் டக்' என்று கத்துவது மட்டும் கேட்டது. அடுத்து நின்ற பையன் அவன் கை மேல் கை வைத்து, சேர்ந்து நாலு தடவை அமுக்கி, அப்புறம்தான் அவனை விலக்க முடிந்தது. எழுந்து போய் மழைமரத்தடியில் உட்கார்ந்தான். நான் ஒரு சிராப் தண்ணீர் வாங்கிக் கொண்டு போனேன்.

"விரலு மூடவே இல்ல மாமா. ஒண்ணொண்ணா மடக்கி மடக்கி மூடினேன். அந்த நேரத்துல..."

அவன் முடிக்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு எப்படிடா தெரியும், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் அதைப் பதினைந்து பேர் ஏற்கெனவே அவனிடம் சொல்லியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகவே நடந்தது. தொடங்குமுன் ஒரு நிமிட மௌனம் என்றோம், சரியாக அந்த நேரம் பார்த்து மூன்று மாடுகள் கோல் கம்பத்துக்குள்ளே புகுந்து நின்றன, மௌனத்தில் இருந்த அத்தனை பேரும் மாட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவன் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பான். அவன் குழு அரையிறுதியில் தோற்றது. கிண்ணத்தை எடுத்தது பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்ப் பையன்கள். பரிசுப் பணம் 500 வெள்ளியையும் (ரிங்கிட்) எண்ணி வாங்கிக்கொண்டு போனார்கள். நிதிக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். எதற்குக் கொடுக்க வேண்டும்? வெயிலில் ஐந்து ஆட்டம் ஓடி ஜெயித்த காசு.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இது மாதிரி வசூலில் கணக்குச் சொல்லாவிட்டால் அடுத்த வருடம் ஒருவரும் பக்கத்தில் வர மாட்டார்கள். குழுவுக்கு 150 வீதம் 2,400 வெள்ளி. பெண்கள் போட்ட சாப்பாட்டுக் கடையில் 2,130. இரண்டு வெள்ளி அதிர்ஷ்டச் சீட்டு 1,100 விற்றதில் 2,200. கையில் கொடுத்தவர்கள் 3,450, அதில் ஐந்து வெள்ளித் தாளாக வந்ததுதான் அதிகம். ஆக 10,180. கூடாரம், நடுவர், கிண்ணம், ஒலிபெருக்கி, ஐஸ், திடல் வேலை, பரிசுப் பணம் எல்லாம் போக மிச்சம் 6,420. கருவியும் பெட்டியும் 6,100. மீதி 320 வெள்ளி அப்படியே இருக்கிறது, ஏனென்றால் நெஞ்சில் ஒட்டும் பட்டைகள் இரண்டு வருடம் போலத்தான் தாங்கும், புதிது வாங்க வேண்டும். வாங்கும் கையோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை, அதனால்தான் இது வருடா வருடம் நடக்க வேண்டும் என்று நான் நச்சரிக்கிறேன்.

எங்கே வைப்பது என்பதில் ஒரு வாரம் சண்டை. திடலில் சுவரே இல்லை. கோயிலில் வைத்தால் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். கடைசியில் திடலுக்கு எதிரே இருக்கும் ஒட்டுக்கடை, காலை ஆறு மணிக்குத் திறந்து ராத்திரி பதினொன்று வரை கடைக்கார ஆண்ட்டி அங்கேயே இருப்பார், அடுப்பு அனல் படாத பக்கத்துத் தூணில் மாட்டினோம். பூட்டுப் போடலாம், இங்கே கோல் வலையையே திருடுகிறார்கள் என்றார் ஒருவர். பூட்டினால் அவசரத்துக்குச் சாவியைத் தேட வேண்டும். பூட்டு வேண்டாம் என்றேன், ஆறுமுகமும் அதையே சொன்னான். கருவி மலாயில்தான் பேசும். அதனால் பெட்டியின் பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டினோம், கடைசி வரி அக்கா சொல்லி எழுதியது: 'குறட்டை விட்டாலும் மூச்சு என்று நினைக்காதே, அமுக்கு.'

ஆயுத பூசை அன்று ஆண்ட்டி கல்லாப் பெட்டி, தோசைக்கல், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது அந்தப் பெட்டிக்கும் வைத்திருக்கிறார். கண்ணாடியில் விளக்கு மறையாத மாதிரி, ஓரமாக. கருவி தயாராக இருந்தால் சில விநாடிக்கு ஒரு தடவை ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுக்கும்.

அக்காவுக்கு அந்தக் கடை தோசை பிடிக்காது, புளிப்பு அதிகம் என்பாள். ஆனாலும் தினமும் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு நடந்து போய் இரண்டு தோசை வாங்கி வருகிறாள். ஒருநாள் மழைக்காக நானும் குடை பிடித்துக்கொண்டு கூடப் போனேன். ஆண்ட்டி பொட்டலம் கட்டும் வரை அக்கா தூணைப் பார்த்தபடியே நின்றாள்.

"மினுக்குதுடா" என்றாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, நான் குடையை விரிக்கும் முன்பே மழையில் இறங்கி நடந்தாள்.